வக்கீலுக்கு எது வேண்டும்: துறைத் தேர்ச்சியா, மன விருப்பமா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம்தான் சார், அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாய்தா வாங்கியே பழகிய ஒரு வக்கீலிடம் இப்படி நேரக் கட்டுப்பாடு விதிப்பது கொஞ்சம் கொடுமைதான். இருந்தாலும் கட்டுப்படுகிறேன். சேலையூர் ஹால்காரர்களும் ஹீபர் ஹால்காரர்களும் தாமஸ் ஹால்காரர்களும் ஒருமனதாக ஒப்புக்கொள்கிற விஷயம் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு: சாப்பாடு சூடாக இருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வக்கீல் தொழிலுக்கு வருகிற இளைஞர்கள் ஒரு துறையில் தேர்ச்சி பெற வேண்டுமா, அல்லது தங்கள் மனம் விரும்புகிற வழியில் போக வேண்டுமா என்பது. மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் சட்ட மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரியிலிருந்து வருவார்கள். சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலிருந்து வருவார்கள். நம் கல்லூரியில் பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போன பிள்ளைகளும் வருவார்கள். வந்த இரண்டாம் நாளே ஒரு பையன் கேட்பான்: "சார், எதுல ஸ்பெஷலைஸ் பண்ணா நல்லது?" பக்கத்தில் இருக்கும் பெண் சொல்லும்: "எனக்குச் சுற்றுச்சூழல் கேஸ்தான் சார் பிடிக்கும். வேற எதுவும் வேண்டாம்." மாலையில் அந்தப் பையனின் அப்பா போன் செய்வார்: "சார், எதுல சார் வருமானம் வரும்? அதைச் சொல்லிக் குடுங்க."

இந்த மூன்று கேள்வியும் நியாயமான கேள்விகள். மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன்.

பெயர்ப்பலகையில் இல்லாத பட்டம்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை போய்ப் பாருங்கள். டாக்டர் போர்டு ஒவ்வொன்றிலும் இருதயம், எலும்பு, தோல், குழந்தை என்று எழுதியிருக்கும். வக்கீல் போர்டில் என்ன இருக்கும்? பெயர், பட்டம், 'வழக்கறிஞர்' என்ற ஒரு சொல். அவ்வளவுதான். இது எங்கள் அடக்கத்தால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்! இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36-ஆம் விதி அப்படி. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. இன்ன வகை வழக்கில் தேர்ச்சி பெற்றவர் என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 2008-இல் ஒரு சின்னத் தளர்வு வந்தது. இணையதளத்தில் எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பதைக் குறிப்பிடலாம் என்றார்கள். பலகை பழையபடிதான்.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் மூத்த வழக்கறிஞர், மற்ற வழக்கறிஞர் என்று இரண்டே வகுப்புகள். கிரிமினல் வக்கீல், சிவில் வக்கீல் என்ற பிரிவினையே சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வக்கீலுக்குத் துறைவாரியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஏதும் கிடையாது.

ஆனால் நீதிமன்ற வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரைக் கேளுங்கள். "அவரா? செக் கேஸ் வக்கீல். இவரு ஆக்சிடென்ட் கேஸ். அந்தக் கண்ணாடி போட்டவரு பத்திரம் பார்ப்பாரு." நம்முடைய துறையை முதலில் முடிவு செய்கிறவர் அந்த டீக்கடைக்காரர்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிய வழக்கு ஒன்றை நன்றாக நடத்தினால், அடுத்த ஆறு மாதத்தில் அதே மாதிரி ஐந்து வழக்கு வரும். பத்து வருஷம் கழித்து நீங்கள் 'ஆக்சிடென்ட் வக்கீல்' ஆகியிருப்பீர்கள். ஒருநாளும் உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலோருக்குத் துறை இப்படித்தான் அமைகிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை இளமையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது என்கிறேன். நாம் கேட்காவிட்டால் நமக்காக வேறு யாரோ பதில் சொல்லிவிடுவார்கள்.

தேர்ச்சிக்காக ஒரு வாதம்

முதலில் துறைத் தேர்ச்சியின் பக்கம் நின்று பேசுகிறேன். எனக்குத் தெரிந்த நிலத்தை வைத்தே சொல்கிறேன்.

நம் பகுதியில் ஒருவர் தன் சேமிப்பையெல்லாம் போட்டு அரை கிரவுண்டு மனை வாங்குகிறார். கையில் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் இருக்கின்றன. "எல்லாம் கிளியரா இருக்கு சார், ஒரு தடவை பார்த்துடுங்க" என்று நீட்டுகிறார். சாதாரண வக்கீல் முப்பது வருஷ வில்லங்கம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, வாங்கலாம்" என்பார். நிலத்தில் பழகிய வக்கீல் அதற்குமேல் நாலு கேள்வி கேட்பார். தாய்ப்பத்திரம் எங்கே? பவர் எழுதிக் கொடுத்தவர் கிரயத் தேதியில் உயிரோடு இருந்தாரா? பழைய சர்வே எண்ணும் இப்போதைய நகர சர்வே எண்ணும் ஒரே நிலத்தைத்தான் காட்டுகின்றனவா? வருவாய்த் துறையின் 'ஏ' பதிவேட்டில் இந்த எண் பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா? புல வரைபடத்தில் கோடு எங்கே ஓடுகிறது?

கிராமமாக இருந்து பஞ்சாயத்தாகி, நகராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த இடங்கள் இவை. ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு எண்கள் இருக்கும். அவற்றைப் பொருத்திப் பார்க்கிற வேலையை எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித் தராது. தாசில்தார் அலுவலகத்தில் நின்று, சர்வேயரோடு வெயிலில் நடந்து, பத்து வருஷத்தில் கைவருகிற வித்தை அது.

அந்த வித்தை இல்லாததால் வந்த கஷ்டத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, பலபேர் தங்கள் மனைக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் என்ன இருந்தது என்பதை அன்றுதான் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு, 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 'யானை' ராஜேந்திரன் என்று நாங்கள் எல்லோரும் அறிந்த வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. மகள் கல்யாணத்துக்காக மனையை விற்க இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு ஒரு வழி பிறந்தது. அந்த எட்டு மாதத்தில் கட்சிக்காரருக்குத் தேவைப்பட்டது, நில வழக்கில் ஊறிப்போன ஒரு வக்கீல். 'எல்லாம் பார்ப்பேன்' என்கிறவர் அன்று யாருக்கும் உதவவில்லை.

இன்னொரு உதாரணம். கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. காப்புரிமை முகவராக வேண்டுமானால் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். நம் கல்லூரியில் வேதியியலோ இயற்பியலோ படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது இயல்பாகத் திறந்திருக்கும் கதவு. சட்டம் மட்டும் படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே தேர்ச்சி என்பது அலங்காரம் கிடையாது. கட்சிக்காரரின் வீடும் பணமும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

செத்துப்போகும் சட்டங்கள்

அப்படியானால் சட்டென்று ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே கரைகண்டுவிடலாமா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அந்தக் காலத்து மதராஸ் வக்கீல்களில் பலருக்குச் சோறு போட்டவை ஜமீன் வழக்குகள். வாரிசுத் தகராறு, குத்தகைத் தகராறு, எல்லைத் தகராறு என்று தலைமுறை தலைமுறையாக நடந்தன. 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று, அதை நம்பியிருந்த வக்கீல் தொழிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

நம் காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகள். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற வக்கீல்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர் பக்கமா, குடித்தனக்காரர் பக்கமா என்று அதிலும் தனித்தனி நிபுணர்கள்! 2019 பிப்ரவரி 22 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் அதோடு முடிந்தது.

அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2003-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று சினிமா பார்க்கிற குழந்தைக்கும் தெரிந்த எண்கள். இப்போது கொலைக்கு 103, மோசடிக்கு 318. கிரிமினல் பக்கம் நாற்பது வருஷம் தொழில் செய்த ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எண்ணை மாத்திட்டாங்க. குறுக்கு விசாரணையை யாரும் மாத்தலையே. நான் பொழைச்சுக்குவேன்."

அந்தப் பதிலில் ஒரு பாடம் இருக்கிறது. பிரிவு எண்ணில் தேர்ச்சி பெற்றவர், சட்டம் மாறினால் ஆரம்பத்துக்கே போய்விடுவார். நிலத்தை, கணக்கை, சாட்சியை, மனிதர்களைப் படிக்கக் கற்றவர் எந்தச் சட்டம் வந்தாலும் ஆறு மாதத்தில் நிமிர்ந்துவிடுவார். ஒரு சட்டம் ஒழிந்ததும் அதைச் சுற்றியிருந்த மனிதர்கள் ஒழிந்துவிடுவதில்லை. வாடகைச் சட்டம் போனாலும் குடித்தனக்காரர் இருக்கிறார். ஜமீன் போனாலும் உழுகிறவர் இருந்தார்.

நம் கல்லூரியின் இரண்டு பேர்

இப்போது நம் கல்லூரியில் படித்த இரண்டு பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் சட்ட உலகத்தில் பெயர் பெற்றவர்கள். இருவரும் போன வழி முற்றிலும் வேறு.

முதலாமவர் கே.கே. வேணுகோபால். நம் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெல்காம் போய்ச் சட்டம் படித்தவர். 1954-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர். அரசியல் சட்டத்தையே தம் களமாக்கிக்கொண்டார். பூடான் நாடு தன் அரசியல் சட்டத்தை எழுதியபோது அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. 2017 முதல் 2022 வரை இந்தியாவின் தலைமை வழக்கறிஞராக இருந்தார்.

அவருடைய தந்தை எம்.கே. நம்பியார். மங்களூரில் தொழில் நடத்தி, பின்னர் மதராஸுக்கு வந்தவர். 1950-இல் ஏ.கே. கோபாலன் வழக்கில், விசாரணையின்றிச் சிறையில் வைப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமான நடைமுறை கொண்டதாக இருக்க வேண்டும், அடிப்படை உரிமைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தது. அப்போது நம்பியார் உயிரோடு இல்லை. ஒரு துறையில் ஆழமாகப் போனவருடைய தோற்ற வாதம்கூட இருபத்தெட்டு வருஷம் உயிரோடிருந்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட தந்தையின் அலுவலகத்தில் தொடங்குகிற வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர், குடும்பத்தில் முதல் முதலாகக் கருப்புக் கோட்டு போடப் போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இரண்டாமவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் நீதியரசர் கே. சந்துரு. லயோலா கல்லூரியில் மாணவர் போராட்டத்தை முன்னின்று நடத்தியதற்காக வெளியேற்றப்பட்டு, மூன்றாம் ஆண்டுப் படிப்புக்கு நம் தாம்பரத்துக்கு வந்தவர். இந்தக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பிறகு சட்டக் கல்லூரி. அதன்பின் 'ரோ அண்டு ரெட்டி' அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள். 1952-இல் சங்கம் அமைக்கும் உரிமைக்காக அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற வி.ஜி. ரோவின் பெயரைத் தாங்கிய அலுவலகம் அது. ஏழைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வழக்கு நடத்திய இடம்.

சந்துரு அவர்கள் தொழிலாளர் சட்டத்தில் தேர்ச்சி பெற்றார் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொல்வேன். அவர் முதலில் தேர்ந்தெடுத்தது தொழிலாளியை. தொழிலாளர் சட்டம் பின்னால் வந்தது. யாரோடு நிற்பது என்று முடிவு செய்துவிட்டார். அவர்களுக்கு எந்தச் சட்டம் வேண்டுமோ அதை அடிவரை படித்தார். அதனால்தான் 1993-இல் கடலூர் மாவட்டத்தில் போலீஸ் காவலில் கணவர் ராசாக்கண்ணுவை இழந்த பார்வதி அவரிடம் வந்தபோது, "இது என் துறை இல்லையம்மா" என்று அவர் சொல்லவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வகை மனுவில் சாட்சிகளை விசாரிப்பது வழக்கமில்லை. அதற்கும் அனுமதி பெற்றுக் குறுக்கு விசாரணை செய்தார். 'ஜெய் பீம்' படத்தில் 2021-இல் உலகமே பார்த்த கதை அது. தொழிலாளர் வழக்குகளில் சாட்சிகளை விசாரித்துப் பழகிய கை, அன்று ஒரு விதவைக்குப் பயன்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

2006-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஏழு ஆண்டுக்கும் குறைவான காலத்தில் 96,000 வழக்குகளுக்கு மேல் முடித்தார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற அன்று அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு, நம்மைப் போல மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். பதவி முடிந்த அன்றும் அவர் யாரோடு நின்றார் என்பதில் மாற்றம் இல்லை.

பிடித்த வேலைக்குப் பிடிக்காத வேலை

இனி, சுற்றுச்சூழல் வழக்குதான் வேண்டும் என்று சொன்ன அந்தத் தங்கைக்கு வருகிறேன். ஆசை உயர்வானது. நம் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையிலேயே இருக்கிறது. ஆக, வழக்குக்கும் குறைவில்லை, மன்றத்துக்கும் குறைவில்லை.

ஆனால் சதுப்புநிலத்துக்காக வாதாட எழுந்தால் முதல் கேள்வி என்ன வரும்? "அம்மா, இந்த சர்வே எண் சதுப்புநிலத்துக்குள் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?" பறவைகளின் பெயர்கள் அப்போது உதவாது. 'ஏ' பதிவேடும் புல வரைபடமும்தான் உதவும். நான் சற்றுமுன் சொன்ன அதே நில வித்தை! அரை கிரவுண்டு மனைக்காகப் பத்திரம் பார்க்கப் பழகியவர்தான், ஆயிரம் ஏக்கர் சதுப்புநிலத்துக்காகவும் பேச முடியும்.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கும் அப்படித்தான். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் தொழிற்சாலையால் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்பில் நம்முடைய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அடங்கும். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை அதில் உறுதிப்பட்டது. பசுமை அமர்வு ஒன்று அமைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. அந்த வழக்கை நடத்திய எம்.சி. மேத்தாவுக்கு ஆர்வம் இருந்தது, உண்மை. கழிவுநீர் பற்றிய அறிக்கைகளை வரிவரியாகப் படிக்கும் பொறுமையும் இருந்ததால்தான் அந்த ஆர்வம் தீர்ப்பாக மாறியது.

விருப்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது தொழிலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வி.எல். எத்திராஜ் கிரிமினல் வழக்குகளில் கொடிகட்டிப் பறந்தவர். சம்பாதித்த பணத்தில் 1948-இல் பெண்களுக்குக் கல்லூரி தொடங்கினார். டி.எல். வெங்கடராம ஐயர் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1944-இல் சங்கீத கலாநிதி. வேலையைத் திறமையாகச் செய்துவிட்டு, ஆசையை மாலை நேரத்துக்கு வைத்துக்கொண்டவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

சோற்றுக்கு என்ன வழி?

அப்பா கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. அதைக் கேவலமாக நினைக்கக் கூடாது. மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல் சீனியருக்குக் கட்டு தூக்குகிற பிள்ளையிடம் போய் 'மனம் விரும்பியதைச் செய்' என்று சொல்வது, வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு. நல்ல மூளையுள்ள எத்தனையோ பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், இரண்டாம் வருஷத்திலேயே கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்று வழிகாட்டியது. தாம்பரம் சென்னையா இல்லையா என்பது தனி வழக்கு! மாவட்டத்தால் நாம் செங்கல்பட்டு. எந்தத் தொகையாக இருந்தாலும் சரி, இங்கே அமர்ந்திருக்கும் மூத்த வக்கீல் நண்பர்களை நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் ஜூனியருக்கு ஒன்றாம் தேதி பணம் கொடுங்கள். அவனோ அவளோ எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று யோசிக்கவே முதலில் பஸ் பாஸ் வேண்டும், மதியச் சாப்பாடு வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் மூன்று வருஷம் வருகிறதை எல்லாம் செய்யுங்கள். முன்சீப் கோர்ட்டில் சாட்சி விசாரணை பாருங்கள். பிராது எழுதப் பழகுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் மனு போடுங்கள். குமாஸ்தாவிடம் கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. பெரிய அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே ஒரே வகை ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சம்பளம் தேவைதான். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி வையுங்கள். எந்தக் கட்டை யாரும் சொல்லாமலே ராத்திரி எடுத்துப் படித்தீர்கள் என்று பாருங்கள். எது காசு கொடுத்தது என்று பாருங்கள். எதில் எதிர்த்தரப்பு சீனியர் உங்களைத் திரும்பிப் பார்த்தார் என்று பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சேராவிட்டால், அந்த முதல் குவியலில் இருக்கும் கட்டுகளின் மேல் எழுதியிருக்கும் பெயர்களைப் படியுங்கள். மனை வாங்கி ஏமாந்தவர்களா? வேலை போன தொழிலாளிகளா? கணவனால் கைவிடப்பட்ட பெண்களா? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதைக் காப்பாற்றத் தெரியாத சின்னத் தொழில்காரர்களா? அந்த மனிதர்கள்தான் உங்கள் துறை. அவர்களுக்கு இன்று எந்தச் சட்டம் வேண்டுமோ அதைக் கரைத்துக் குடியுங்கள். நாளைக்கு அந்தச் சட்டம் மாறினால் புதிய சட்டத்தையும் படியுங்கள். ஆள் மாற வேண்டியதில்லை.

தேர்ச்சியா, விருப்பமா என்று கேட்டால் என் பதில் இது: யாருக்காக என்பதை விருப்பம் முடிவு செய்யட்டும். எப்படி என்பதைத் தேர்ச்சி பார்த்துக்கொள்ளும். முதலாவது இல்லாத தேர்ச்சி வாடகைக்குப் போகும். இரண்டாவது இல்லாத விருப்பத்தை நம்பி வந்த கட்சிக்காரர் தோற்றுப் போவார்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் வக்கீல்கள், ஓய்வு பெற்ற நீதிபதிகள், வருவாய்த் துறை அதிகாரிகள், சர்வே தெரிந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சட்டம் படிக்கப் போகும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, வருஷத்தில் ஒரு மாதம் இவர்களில் யாராவது ஒருவரோடு இருக்க ஏற்பாடு செய்து கொடுங்கள். பெரிய செலவில்லை. ஒரு பட்டியலும் கொஞ்சம் போன் பேசுவதும்தான். என் அலுவலகத்தில் இரண்டு நாற்காலி இப்போதே ஒதுக்கிவிட்டேன் என்பதை இந்த மேடையிலேயே பதிவு செய்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.